தேவாத்தாள் பேரில் ஒரு பியட்

கண்ணாடியை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மனுசன். தூசி உள்ளே வந்துவிடுமாம். உள்ளே உட்கார்ந்திருக்கிற எழுபது வயசுக்காரி வெந்து போனால் பரவாயில்லை, புது ரெக்சின் மேல் புழுதி படக்கூடாது, நல்லா இருக்குது நாயம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் இருக்கிற இரண்டு வேப்பமரத்து நிழலையும் லாரிக்காரர்கள் காலையிலேயே பிடித்துக்கொண்டார்கள். வரிசையில் ஏழாவதாக, வெட்டவெயிலில், நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தது மாதிரிப் பளபளத்துக்கொண்டு நிற்கிறது அந்த வெளிர்நீல பியட் கார். முன்சீட்டில் தேவாத்தாள். மடியில் ஒரு ஃபைல், ஃபைலுக்குள் மூன்று காகிதம், காகிதங்களில் நாலு இடத்தில் பென்சிலால் டிக். டிக் போட்ட இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டால் வண்டி அவள் பேரிலிருந்து அவள் புருசன் சென்னியப்பன் பேருக்கு மாறிவிடும். "பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறப்ப அவரு முன்னாலயே போட்டாப் போதும் புள்ள, அதுவரைக்கும் சும்மா உக்காந்திரு," என்று இறங்கிப் போனவர் அதோ, வண்டியைச் சுற்றிக் கூடின நாலு பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபத்தஞ்சு வருசமாகக் கிடந்த வண்டி, ஆறு வருசம் பாடுபட்டு எழுப்பினேன், ஒவ்வொரு ஸ்க்ரூவும் நான் தேடினது. கண்ணாடிக்கு உள்ளே சத்தம் வரவில்லை என்றாலும் அவர் கை போகிற போக்கைப் பார்த்தே எந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்று அவளால் சொல்லிவிட முடியும். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்கள் ஊர்வலம். சொந்தக்காரர் பேரில் இருக்கிற வண்டியைத்தான் சங்கத்தில் சேர்ப்பார்களாம், அதனால்தான் இத்தனை அவசரம்.

மூன்று நாளாக அவள் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். 'வண்டி என்றது, நான் கையெழுத்துப் போடறதா இல்லீங்க.' என்றது என்றால் என்னுடையது. தோசை ஊற்றுகிறபோது அது கணீரென்று வந்தது. துணி மடிக்கிறபோது வந்தது. போடறதா இல்லீங்க என்பது ரொம்ப விறைப்பாக இருக்கிறதோ, போடலீங்க என்று சொன்னால் போதாதா. என்றது என்று சொல்லலாமா, கலியாணமாகி ஐம்பது வருசம் ஆனப்புறம் என்றது உன்றது என்று பிரித்துப் பேசுகிற பொம்பளையை ஊர் என்ன சொல்லும். ஊர் கிடக்குது, ஊரா இங்கே உட்கார்ந்து வேகிறது? வேர்வை முதுகில் இறங்கி ரெக்சினோடு ஒட்டிக்கொண்டது. புது ரெக்சின், புது பெயிண்ட், புது ரப்பர், எல்லாம் சேர்ந்து ஒரு வாசம், கடைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இந்த வண்டிக்குள் அவளுக்குத் தெரிந்த வாசம் வேறே. கோழிப் பீயும் பழைய பஞ்சும் சூடேறின தகரமும் கலந்த வாசம். தொண்ணூறாம் வருசம் இவர் புது வண்டி வாங்கினதும் இதைத் தள்ளிக்கொண்டுபோய்ச் தகரச் செட்டில் விட்டார்கள், கோழிகள் பின்சீட்டில் குடியேறின. மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்ததும் முட்டை எடுக்கிற சாக்கில் போய் ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்காருவாள். அரை மணி நேரம். அழவெல்லாம் மாட்டாள், அழுவதற்கு என்ன இருக்கிறது. கிளச்சை மிதித்து, ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிற கியர்த் தண்டை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் விழும். அப்புறம் முட்டையை மடியில் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இருபத்திச் சொச்சம் வருசம் அந்த வீட்டில் அவளுக்கென்று கதவைச் சாத்திக்கொள்கிற இடம் ஒன்று இருந்தது என்றால் அது இந்த வண்டிதான். ஒரு நாள் பேப்பரில் எவனோ பழைய கார் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார் இவர். மறுவாரம் வண்டியை ஒர்க்சாப்புக்கு ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது. "கோழியெல்லாம் முடுக்கி உடு புள்ள," என்றார். விரட்டி விட்டாள். சீட்டைப் பிய்த்து வாசலில் வீசினார்கள், அடைக்கு உட்கார்ந்திருந்த கோழி ஒன்று ரெண்டு நாள் செட்டையே சுற்றிச் சுற்றி வந்தது.

அப்புறம் ஆறு வருசம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. ஒர்க்சாப்பிலேயே குடியிருந்தார். மூட்டு வலி என்று அவள் ஆசுபத்திரிக்குப் போனபோதெல்லாம் டிரைவர்தான் கூட்டிப் போனான்; ஹெட்லைட்டைச் சுற்றிப் போடுகிற ஒரு வளையத்துக்காக இவர் புனாவுக்கு ரயிலேறிப் போனார். போய், பழைய இரும்புக்கடையில் ரெண்டு நாள் உட்கார்ந்து, அந்த வளையத்தைத் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரித் தூக்கிவந்தார். மனுசனுக்கு அக்கறைப்படத் தெரியாமல் இல்லை, அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை. தெரியாதவர் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இத்தனை பொறுமை, இத்தனை பதம், ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்று நாலு தடவை கழற்றி மாட்டுகிற அந்த நிதானம், இதெல்லாம் இவருக்குள் இத்தனை வருசமும் இருந்திருக்கிறது, பாருங்கள், இவள் பக்கம்தான் திரும்பவில்லை. நெற்றி வேர்வையைச் சேலைத் தலைப்பால் ஒத்திக்கொண்டாள். ஃபைல் வழுக்கியது. வண்டி என்றது. என்றது என்றே சொல்லிவிடுவது, என்ன ஆகிவிடப் போகிறது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு வந்த ஒரு பெண், இருபது வயசு இருக்கும், கையில் செல்போன். "பாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? செம்ம கார் பாட்டி. நீங்க ஓட்டுவீங்களா?" கண்ணாடி வழியாக அரைகுறையாகக் கேட்டது. தேவாத்தாள் வாயைத் திறந்தாள். அதற்குள் சென்னியப்பன் அந்தப் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். "அவளுக்குச் சைக்கிளே வராது கண்ணு, காரா ஓட்டப் போறா? நீ எடுத்துக்க, எடுத்துக்க, பெயிண்டுல மட்டும் கை வெக்காத." அந்தப் பெண்ணும் சிரித்தாள், போட்டோ எடுத்தாள், போய்விட்டாள். சைக்கிளே வராது. நிசமாகவே மறந்துவிட்டாரா, இல்லை தெரிந்தேதான் சொல்கிறாரா? தெரிந்து சொன்னால் அது பொய், பொய் சொல்கிறவனைப் பிடிக்கலாம், சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்கலாம். மறந்தே போயிருந்தால் என்ன செய்வது? ஒருத்தி பத்தொன்பது வயசில் அன்னூரிலிருந்து அவிநாசித் தேருக்கு மூணு சிநேகிதிகளை ஏற்றிக்கொண்டு இதே வண்டியை ஓட்டிப் போனதும், வழியில் பஸ்காரன் ஒருத்தன் வாயைப் பிளந்து பார்த்ததும், கலியாணப் பேச்சின்போது இதே மனுசன் 'பொண்ணு கார் ஓட்டுமாமே' என்று அவள் அண்ணனிடம் ஆசையாகக் கேட்டதும், எல்லாம் இவருக்குள் துடைத்துப்போட்ட மாதிரிக் காணோம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? சாட்சிக்குக்கூட ஆள் இல்லை. அந்த மூணு சிநேகிதிகளில் ரெண்டு பேர் செத்தாச்சு, மூணாவது ஒருத்தி அமெரிக்காவில் மகள் வீட்டில் ஞாபகம் தப்பிக் கிடக்கிறாளாம்.

கலியாணமாகி மூணாவது மாசம். சீதனமாக வந்த வண்டி வாசலில் நின்றது. நாத்தனாரை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கிவிட்டுத் திரும்பினாள், இட்டேரிப் பாதையில் வேலிமுள் கீறாமல் வளைத்து வளைத்து ஓட்டிவந்து நிறுத்தினாள். நாத்தனார் கைதட்டினாள். இவர் வந்தார், கோபப்படவில்லை, ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அவள் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இனிமேல் எங்க போகோணும்னாலும் எங்கிட்டச் சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன். நீ எதுக்கு வெய்யல்ல கஷ்டப்படறே?" என்றார். அவ்வளவுதான். மாமியார் பூரித்துப் போனாள், 'என்ற மகன் பொண்டாட்டியத் தாங்கறானே' என்று ஒறம்பரை சனம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அதட்டியிருந்தால் அழுதிருப்பாள், அழுதிருந்தால் அப்பன் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பாள். அன்பாகப் பிடுங்கினால் எங்கே போய்ச் சொல்வது? அவளும் அன்றைக்குச் சிரித்தாள், அதுதான் கொடுமை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வாயைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது. டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்து ஆறு மாசம் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள், ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் இப்படித்தான், இவர் எழுதி வைத்திருந்தார், கீழே பென்சிலில் ஒரு டிக். அப்பன் கொடுத்த கிணத்துக்காடு நாலு ஏக்கர், இவர் இரும்பு வார்க்கிற பவுண்டரி போடுவதற்காக விற்றபோது பத்திரம் அடுப்படிக்கே வந்தது. மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு டிக் எங்கே என்று தேடினாள். எதற்கென்று அவள் கேட்டதில்லை, அவரும் சொல்லாமல் இருந்ததில்லை, ஆனால் சொல்வதெல்லாம் போட்டு முடித்தப்புறம்தான்.

வண்டியை மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை அவருக்கு. ஆறு வருசம் நட்டும் போல்ட்டுமாக அதைத் தடவிக்கொண்டிருந்த மனுசன், வண்டி யார் பேரில் இருக்கிறது என்று ஒரு நாள் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை, கேட்டால் யாராவது நம்புவார்களா? போன வாரம் ஏஜெண்டு மயில்சாமி வந்து பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்து, "ஐயா, வண்டி அம்மா பேர்ல இல்லீங்களா இருக்குது," என்றபோது, இவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட ஆமா! நானே மறந்துட்டேன் பாரு. அவுளுதுன்னா என்ன, நம்முளுதுன்னா என்ன, மாத்தி உடு." காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தவள் அதைக் கொடுக்காமலேயே அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அவள் மறக்கவில்லை. ஒரு நாள்கூட மறக்கவில்லை. அப்பன் அந்த வண்டியை அவள் பேரில் எடுத்தது பாசத்தினாலா என்றால் அதுவும் கிடையாது. அப்போது பங்காளிகளோடு பாகப்பிரிவினை வழக்கு நடந்தது, தன் பேரில் வாங்கினால் அதுவும் பங்குக்குப் போகும் என்று பதினெட்டு வயசு மகள் பேரில் போட்டார். சரி, எதற்காகவோ போட்டார், போட்டது போட்டதுதானே? வேலை போச்சு, காடு போச்சு, வீடு மாமனார் பேரிலிருந்து நேராக இவர் பேருக்கு வந்தது, கேஸ் கனெக்சன்கூட இவர் பேரில்தான். தேவாத்தாள் என்று ஒருத்தி இந்தப் பூமியில் எதற்காவது சொந்தக்காரி என்று சர்க்கார் ஒத்துக்கொள்கிற ஒரே ஒரு காகிதம் அந்தப் பழுப்புப் புத்தகம்தான். அது இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போய்விடும், அவள் வாயைத் திறக்காவிட்டால்.

திறக்கலாம், திறப்பதில் என்ன. அடிக்கிற மனுசன் இல்லை இவர், குடிக்கிறவரும் இல்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நாத்தனார் மகள் சீருக்குப் போட அவள் கல்வளையலைக் கேட்டார், மாட்டேன் என்றாள். இருபத்தேழு நாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், வட்டலை நகர்த்திவிட்டு எழுந்து போவார். அவள் ஒரு நாற்காலி, ஒரு அண்டா, அவ்வளவுதான். பையனிடம் பேசுவார், வேலைக்காரியிடம் பேசுவார், நாயிடம் பேசுவார். காலண்டர் தாளைக் கிழிக்கிறபோதெல்லாம் எண்ணினாள். இருபத்தெட்டாம் நாள் அவளாகவே வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "காப்பி ஆறிப்போச்சா புள்ள?" என்றார் உடனே, ஒன்றுமே நடக்காத மாதிரி. அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோசத்தில் கண் தளும்பியது, தூ, என்ன பொழைப்பு. அப்போது நாற்பது வயசு, தாங்கினாள். இப்போது வீட்டில் இருப்பதே ரெண்டு பேர். மகன் பெங்களூரில், வாரத்துக்கு ஒரு போன், 'எதுக்கும்மா இந்த வயசுல' என்பான், அவனுக்கும் அப்பன் குரல். இருபத்தேழு நாளோ, இல்லை சாகிறவரைக்குமோ, யார் கண்டது. ரெண்டு பேரில் ஒருத்தர் போனப்புறமும் அந்த மௌனம் வீட்டில் கிடக்குமே என்று நினைத்தபோது ஃபைலை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். சைக்கிளே வராதாம். வண்டி என்றது, நான் போடலீங்க. இதோ வந்துவிட்டது, தொண்டைவரைக்கும் வந்துவிட்டது.

வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், கறுப்புக் கண்ணாடி, கையில் பேடு. மயில்சாமி பானெட்டைத் தூக்கி, உள்ளே தகட்டில் வெட்டியிருந்த நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் அதைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார், லைட்டைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், பிரேக்கைப் பார்த்தார். "சூப்பரா வெச்சிருக்கீங்க சார். ஓனரு?" "நாந்தானுங்க," என்றார் சென்னியப்பன். மயில்சாமி இடித்தான். "அதாவது, நம்மூட்டுக்காரி பேருல இருக்குதுங்க, இப்ப எனக்கு மாத்தறமுங்க." இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் சுற்றி வந்து கண்ணாடியைத் தட்டினார். தேவாத்தாள் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். காற்று வந்தது, புழுதியும் வந்தது, வரட்டும். "அம்மா, வண்டி உங்க பேர்ல இருக்கு. இவருக்கு மாத்திக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா? நீங்களே சொல்லணும்." இத்தனை வருசத்தில் அவளை யாரும் இப்படி நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவே இல்லை. பானெட்டின் மேல் காக்காய் எச்சமோ என்னவோ, கைக்குட்டையை நனைத்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தனை நம்பிக்கை அவருக்கு. அவள் வாயைத் திறந்தாள், வண்டி என்றது, நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, "அவிய சொன்னாச் சரிங்க," என்று வந்தது வெளியே. யார் சொன்னது அதை? அவள் சொல்லவில்லை, சத்தியமாக அவள் அதை நினைக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிக்கொண்டது, ஐம்பது வருசம் சொல்லிப் பழகின வாய்.

பேனாவைக் கொடுத்தார்கள். முதல் டிக்கில் எப்போதும் போடுகிற மாதிரி ஒரு கிறுக்கல் போட்டாள். இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, தன் பேடிலிருந்த ஒரு ஜெராக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது ஒத்து வரலீங்கம்மா. வண்டி எடுத்தப்ப நீங்க போட்ட கையெழுத்து இது. இதே மாதிரி இருந்தாத்தான் நான் எடுத்துக்க முடியும். இல்லைன்னா மாத்தறது கஷ்டம்." ஜெராக்ஸை நீட்டினார். முழுப் பேர், வளைத்து வளைத்து, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பிப் பேர் முழுவதற்கும் கீழே ஓடி முதல் எழுத்தடியில் ஒரு சுழி. பதினெட்டு வயசில் ரெண்டு நோட்டுத் தீர எழுதி எழுதிப் பழகின கையெழுத்து அது. தேவாத்தாள் அதையே பார்த்தாள். கண்ணுக்கு முன்னால் கதவு திறந்து கிடந்தது. வரலீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கை நடுங்குதுங்க என்றால் போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது, மௌனமும் கிடையாது, காலண்டரும் கிடையாது, அவள் மாட்டேன் என்றே சொல்லவில்லையே. வண்டி அவள் பேரிலேயே கிடந்துவிடும். சென்னியப்பன் பதறிக்கொண்டு ஓடிவந்தார். ஜெராக்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரிடம் குரலைத் தணித்துக்கொண்டு சிரித்தார். "சார், அது அந்தக் காலத்துல அவங்கப்பாவே போட்டதா இருக்குமுங்க. இவளுக்கு இதெல்லாம் வராது சார். கொஞ்சம் விட்டுக் குடுத்துப் பாருங்க."

வராது. தேவாத்தாள் ஜெராக்ஸைத் தள்ளி வைத்தாள், அது அவளுக்குத் தேவைப்படவில்லை. ஃபைலை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ரெண்டாவது டிக்கில் முழுப் பேரையும் எழுதினாள், கை நடுங்கவில்லை, கடைசி எழுத்திலிருந்து கோட்டை இழுத்தாள், சுழித்தாள். யாருக்கடா வராது, பாரு, நல்லாக் கண்ணைத் திறந்து பாரு. மூணாவது இடத்தில் எழுதினாள், நாலாவது இடத்தில். பிறகு அந்தக் கிறுக்கல் காகிதத்துக்குப் பதிலாக மயில்சாமி வேறொன்று நீட்டினான், அதிலும் எழுதினாள். ஒன்றுக்கொன்று அச்சுப் பிசகவில்லை. எத்தனையோ வருசத்துக்கு அப்புறம் ஒரு சந்தோசம், கர்வம் என்றுகூடச் சொல்லலாம். "அப்படியே இருக்கும்மா, சந்தேகமே இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். பானெட்டின் மேல் வைத்தே சீல் அடிக்கப் போனவரைச் சென்னியப்பன் கெஞ்சித் தடுத்தார், இன்ஸ்பெக்டர் பேடின் மேல் வைத்து அடித்தார், ஒன்று, இரண்டு, மூன்று. "அட, இத்தனை நல்லா எழுதறே, எங்கிட்டச் சொல்லவே இல்லியே புள்ள!" என்றார் சென்னியப்பன், நிசமான ஆச்சரியத்தோடு, நிசமான பிரியத்தோடு. அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். காகிதங்களை அவர் ஊதி மை காயவைத்து ஃபைலுக்குள் போட்டு, அந்த ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மயில்சாமியோடு ஆபீஸ் கட்டடத்தைப் பார்த்து நடந்தார். படியேறினார். அவர் உள்ளே போய்க் கதவு சாத்தினப்புறம்தான், தான் என்ன செய்துவிட்டோம் என்று தேவாத்தாளுக்கு உறைத்தது.